புதன்கிழமை சொல்லாதது

போன மாதம் உங்கள் ஆய்வகத் தேநீர் விருந்துக்கு என்னை அழைத்திருந்தீர்கள். ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த மூன்றாம் மாடிக்கு வந்தேன். பேச்சுக்கு நடுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டார்: "ஆன்ட்டி, இத்தன வருஷத்துல நீங்க செஞ்ச பெரிய மிஸ்டேக் எது?"

பிளாஸ்டிக் வாளி ஒன்றை, சூடான நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குள் வைத்து உருக்கிவிட்ட கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பாசிர் ரிஸில் என் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்த பிறகுதான், கேட்ட பெண்ணை ஏமாற்றிவிட்டோமே என்று தோன்றியது. அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. கையில் பேனா வைத்திருந்தார்.

அவருக்கான பதில் இது. மற்றவர்களும் படிக்கலாம்.

நான் விஞ்ஞானி இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் ஆய்வு உதவியாளராக இருந்தவள். கிருமிகளை வளர்ப்பது, உறைபெட்டியில் சேமிப்பது, கேட்ட மரபணுத் திடீர்மாற்றத்தைக் கேட்ட கிருமிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இவைதான் என் வேலை. எங்கள் பேராசிரியர் வாழ்நாள் முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் துருவினார்: பாக்டீரியாவின் வெளியுறை எப்படிக் கலையாமல் நிற்கிறது?

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். நம் குடலில் வாழும் பாக்டீரியாவுக்கு இரண்டு தோல்கள். உள்தோல் ஒன்று, வெளித்தோல் ஒன்று, நடுவில் மெல்லிய சுவர். வெளித்தோலைச் சுவரோடு இழுத்துப் பிடித்து வைக்கச் சில புரதங்கள் இருக்கின்றன. ஒரு புரதம் உள்தோலில் ஊன்றிக்கொண்டு நடுவெளிக்குள் கையை நீட்டும். இன்னொன்று வெளித்தோலில் உட்கார்ந்து சுவரைப் பற்றியிருக்கும். இரண்டும் தொடும், விடும், மறுபடி தொடும். இவற்றில் ஒன்று இல்லாமல் போனாலும் வெளித்தோல் தொளதொளத்துவிடும். பித்த உப்பு கலந்த வளர்ப்புத் தட்டில் அப்படிப்பட்ட கிருமியைப் போட்டால் உப்பு உள்ளே புகுந்து கொன்றுவிடும். உறை இறுக்கமாக இருக்கும் கிருமி சாகாமல் வளரும். இந்தப் பரிசோதனையை நான் எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மாலினி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது, எனக்கு ஐம்பத்தொன்று. இங்கிலாந்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். அவளுடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கு எழுத்தராக வந்தவர். அப்பா இறந்துவிட்டார். அக்கா டொரோண்டோவில். பூன் லே வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. இங்கிலாந்தில் அவளுக்கு நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு வந்ததற்கு அம்மாதான் காரணம். அதை அவள் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவளுடைய மேசையும் என்னுடையதும் எதிரெதிர். சனிக்கிழமைகளில் அரை நாள் வேலை பார்த்துவிட்டு இரண்டு பேரும் லிட்டில் இந்தியா போவோம். தேக்கா சந்தையில் புட்டுமாயம் என்கிற இடியாப்பம், ஆளுக்கொரு தே தாரேக், இழுத்து ஆற்றிய பால் தேநீர். பிறகு அவள் அம்மாவுக்கு மல்லிகை வாங்குவாள், நான் என் வீட்டுக்குக் காய்கறி. எனக்கு உடன்பிறந்தவர்கள் மூன்று பேர் உண்டு. ஆனால் ஒரு வாரத்தில் நடந்ததையெல்லாம் சேர்த்துவைத்துச் சொல்ல ஆள் என்றால் அது அவள்தான்.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்: "அக்கா, அம்மா கேக்கிறாங்க, இத்தன வருஷம் படிச்சிட்டு, கிருமியோட சட்டைல பட்டன் எங்க இருக்குன்னா தேடுறேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாம்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது லா."

உண்மையில் அவள் தேடியது அதைத்தான். அந்த இரண்டு புரதங்களும் சரியாக எந்த இடத்தில் தொட்டுக்கொள்கின்றன? அந்த இடத்துக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி, தொட முடியாமல் செய்தால் என்ன ஆகும்? உறை தளர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம்.

அந்த மாற்றத்தைக் கிருமிக்குள் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தட்டுகளை வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு கிருமியிலிருந்து பெருகிய கூட்டமாக, ஊசிமுனை அளவில் மங்கலாக நிறையப் புள்ளிகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே பளபளவென்று மூன்று பெரிய புள்ளிகள். சின்னவற்றை எடுத்தால் அவை சேமிக்கும் அளவுக்கு வளர்ந்து வர இன்னும் இரண்டு நாளாகும், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருக்கும். வீட்டில் முறுக்குச் சுடும் வேலை பாதியில் கிடந்தது. பெரிய புள்ளி ஒன்றை எடுத்து வளர்த்து, நாங்கள் மாற்றிய இடத்தை மட்டும் சரிபார்த்து, உறைபெட்டியில் வைத்தேன். குறிப்பேட்டில் நேர்மையாக எழுதியும் வைத்தேன்: "பெரியது, ஒன்று."

அதற்குப் பிறகு வந்த பத்து மாதங்கள் எங்கள் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியானவை. மாலினி அந்த இரண்டு புரதங்களையும் தனியாகப் பிரித்தெடுத்துக் குழாயில் கலந்து பார்த்தாள். எழுத்தை மாற்றிய புரதம் மற்றதைத் தொடவே இல்லை. ஆனால் நான் செய்துகொடுத்த கிருமியோ பித்த உப்புத் தட்டில் கொழுகொழுவென்று வளர்ந்தது. தொடாமலே உறை நிற்கிறது. அப்படியானால் இத்தனை காலம் எல்லோரும் நம்பிவந்தது தவறு, உறையைப் பிடித்துவைப்பது வேறு ஏதோ ஒன்று. பேராசிரியர் எதற்கும் எளிதில் உற்சாகப்படாதவர். அவரே ஒரு மதியம் எங்கள் மேசைக்கு வந்து நின்று, அந்தத் தட்டுகளின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலினியின் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தது. இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவிக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. கிடைத்தால் சொந்த ஆய்வகம். கிடைக்காவிட்டால், இந்தச் சின்ன ஊரில் அவளுடைய துறையில் அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. வெளிநாடு போகலாம், ஆனால் அம்மாவை விட்டுவிட்டுப் போக அவள் தயாராக இல்லை. நேர்காணலில் ஒரு மணி நேர உரை நிகழ்த்த வேண்டும். எதைப் பற்றிப் பேசுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நேர்காணல் நடக்க இருந்த வாரம் நாங்கள் எழுதிவந்த ஆய்வுக் கட்டுரைக்காக இன்னும் ஒரே ஒரு படம் பாக்கி இருந்தது. அதற்கு அதே மாற்றத்தை வேறொரு கிருமிக்குள் புதிதாகச் சேர்க்க வேண்டும். திங்கட்கிழமை காலை தட்டை வெளியே எடுத்தேன். ஊசிமுனைப் புள்ளிகள் நிறைய. நடுவில் இரண்டு பெரியவை.

அந்த நொடியே ஏதோ சரியில்லை என்று பட்டது. காரணம் என்ன என்று தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் தீபாவளி வெள்ளிக்கிழமையின் தட்டு அப்படியே கண்முன் வந்து நின்றது.

சின்னவற்றில் நான்கையும் பெரியவை இரண்டையும் எடுத்துத் தனித்தனியாக வளர்த்தேன். செவ்வாய்க்கிழமை அதுவரை வளர்ந்ததைப் பித்த உப்புத் தட்டில் வைத்தேன். புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு, இளஞ்சூட்டில் தட்டுகளை வைக்கும் அடைகாப்பானைத் திறந்தேன். பெரியவை இரண்டும் செழித்திருந்தன. சின்னவை நான்கும் செத்துக் கிடந்தன.

அப்படியென்றால் என்ன பொருள் என்று உங்களுக்குப் புரியும். அந்த மாற்றம் உண்மையிலேயே உறையைத் தளர்த்துகிறது. தளர்ந்த கிருமிகள் நோஞ்சானாகச் சின்னப் புள்ளியாக வளர்கின்றன. அவற்றில் எங்கோ ஒன்றிரண்டில் வேறொரு இடத்தில் இரண்டாவது மாற்றம் ஒன்று தானாக நிகழ்ந்து, அது தளர்ச்சியை ஈடுகட்டிவிடுகிறது. அவைதான் பெரிய புள்ளிகள். பத்து மாதமாக மாலினி ஆராய்ந்தது தன் கேள்விக்கான கிருமியை அல்ல. நான் அவசரத்தில் பொறுக்கி எடுத்த, தன்னைத்தானே ஒட்டுப்போட்டுக்கொண்ட ஒரு கிருமியை.

அல்லது அப்படி இல்லாமலும் இருக்கலாம். கையில் இருந்தது ஒரே ஒரு தட்டு. நான்கு புள்ளிகளை நானே ஏதாவது செய்து கெடுத்திருக்கலாம். புதிய கிருமியின் தன்மை வேறாக இருக்கலாம். தட்டில் உப்பு கூடிப்போயிருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து இந்த "இருக்கலாம்"களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். மாலினியின் நேர்காணல் அன்று மதியம் இரண்டு மணிக்கு.

பன்னிரண்டு மணிக்கு அவள் வந்தாள். சாம்பல் நிற மேற்சட்டை, அம்மாவின் சின்ன வைரத் தோடு. எப்போதும் கலைந்திருக்கும் தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள்.

"அக்கா, பாக்க எப்படி இருக்கு? ஓவரா இருக்கா?"

தட்டு என் மேசை மேல்தான் இருந்தது. அதன்மேல் குறிப்பேட்டை எடுத்து வைத்தேன். அந்தக் கை அசைவு இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் யோசிக்காமலே செய்தேன்.

"நல்லா இருக்குமா. பிரமாதமா இருக்க."

"உங்க முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ராத்திரி சரியாத் தூங்கல."

"நான்தான் தூங்கல. நீங்க எதுக்கு எனக்காக டென்ஷன் ஆகுறீங்க," என்று சிரித்தாள். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

இளையவர்களே, பெரிய புள்ளியை எடுத்ததுதான் தவறு என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அது கவனக்குறைவு, யாருக்கும் நேரும். அதற்குத்தான் இப்போது நீங்கள் ஒவ்வொரு முறையும் ஆறேழு புள்ளிகளை எடுக்கிறீர்கள், எல்லாவற்றின் முழு மரபணுவையும் படித்துப் பார்க்கிறீர்கள். நான் செய்த தவறு அந்தப் பன்னிரண்டு மணிக்கு நடந்தது. அன்றைக்கு அதை நான் நிதானம் என்று நினைத்தேன். உறுதியாகத் தெரியாமல் ஒருத்தியின் நம்பிக்கையைக் குலைக்கக் கூடாது, அதுவும் நேர்காணலுக்கு இரண்டு மணி நேரம் முன்னால், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் நியாயமும் இருக்கிறது. அதனால்தான் அதிலிருந்து மீள்வது கடினமாக இருக்கிறது.

அன்று மதியமே பன்னிரண்டு சின்னப் புள்ளிகளை எடுத்துப் புதிய உப்புத் தட்டுகள் தயாரித்தேன். வியாழக்கிழமை மாலினி முகம் மலர்ந்து வந்தாள். உரை நன்றாகப் போயிருந்தது. கேள்வி நேரம் முடிந்த பிறகும் அவளைச் சூழ்ந்து நின்று பேசினார்களாம். "அக்கா, ஒரு புரொஃபசர் சொல்றாரு, புத்தகத்த மாத்தி எழுதணும் போலன்னு." எனக்காகப் பழக்கடையில் வெட்டிவைத்த மாம்பழம் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். அவள் முன்னால் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தட்டுகளை எடுத்தேன். பன்னிரண்டும் செத்திருந்தன.

மாலினி வந்ததும் வெளியே படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படியில் உட்கார்ந்து கேட்டாள். முகம் வெளுத்துப்போனது. ஆனால் அவள் முதலில் கேட்ட கேள்விகள் எல்லாம் கிருமியைப் பற்றித்தான். எத்தனை புள்ளி, எந்தத் தட்டு, பெரியவை பத்திரமாக இருக்கின்றனவா? என் அவசரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "நானும் ஒரு தடவை செக் பண்ணியிருக்கணும் அக்கா. ஒரே கலனிய வச்சு பத்து மாசம். யாரும் கேக்கல," என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"முதல் தடவை எப்பப் பாத்தீங்க?"

"புதன்கிழமை."

"புதன் எத்தன மணிக்கு?"

பொய் சொல்ல எனக்கு ஒரு கணம் ஆசை வந்தது. "காலைல எட்டரைக்கு," என்றேன்.

"நான் பன்னிரண்டு மணிக்கு உங்க முன்னால வந்து நின்னேன்."

"அப்ப ஒரு தட்டுதான் மாலினி. எனக்கே உறுதியாத் தெரியல. உன் மனசக் கெடுக்க வேண்டாம்னு..."

"உறுதியாத் தெரியணும்னு நான் கேக்கல அக்கா. ஒரு தட்டு இப்படி வந்திருக்குன்னு மட்டும் சொல்லியிருந்தா, அந்த ஸ்லைடுல நான் ஜாக்கிரதையா பேசியிருப்பேன். இன்னும் பாக்கணும்னு சொல்லியிருப்பேன். நாப்பது பேர் முன்னால நின்னு, இதுதான் உண்மைன்னு சொல்லிட்டு வந்தேன். அப்ப உங்களுக்குத் தெரியும்."

குரலை உயர்த்தவில்லை. எழுந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சில படிகள் இறங்கினாள். திரும்ப ஏறி வந்தாள். "வாங்க, புரொஃப்கிட்டச் சொல்லணும்," என்றாள்.

பேராசிரியர் அறையில் இருவரும் நின்றோம். அவர் சீனர். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்த இரண்டாவது மாற்றம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை தேர்வுக் குழுவுக்கு எதுவும் எழுத வேண்டாமே, இரண்டு வாரம் பொறுக்கலாமே என்றார். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். மாலினி மறுத்துவிட்டாள். அன்று மாலைக்குள் குழுத் தலைவருக்குக் கடிதம் அனுப்பினாள். புதன்கிழமை உரையின் முக்கிய முடிவு தவறு என்று நினைப்பதற்கு இப்போது காரணம் இருக்கிறது, தன் உரையை மதிப்பிடும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்கு வரி. அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். அதில் என் பெயர் இல்லை. புள்ளியை எடுத்தது யார் என்பதும் இல்லை.

அவள் போன பிறகு பேராசிரியர் என்னை நிறுத்திவைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "உனக்குப் பாதி தெரியும்போதே வந்து சொல். மீதிப் பாதியைச் சேர்ந்து பார்க்கத்தான் இத்தனை பேர் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம்," என்றார். அவ்வளவுதான். முப்பத்தோரு ஆண்டுகளில் அவர் எனக்குச் சொன்னவற்றில் இதை மட்டும் நீங்கள் நினைவில் வைத்தால் போதும்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. குழுத் தலைவர் அவளுடைய நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார். பதவி வேறொருவருக்குப் போனது. அந்தக் கடிதத்தால்தான் போயிற்றா, எப்படியும் போயிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் தெரியாது. தெரியாததுதான் என்னை அரித்தது.

மீதமிருந்த எட்டு வாரமும் மாலினி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். நான் உடன் இருந்தேன். கேட்டதையெல்லாம் கேட்பதற்கு முன்பே செய்து வைத்தேன். "தேங்க்ஸ் அக்கா" என்பாள். எப்போதும் போல அக்காதான். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடுவது நின்றுபோனது. சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று கிளம்பிவிடுவாள். முதல் சனிக்கிழமை நான் தனியாகத் தேக்காவுக்குப் போனேன். புட்டுமாயம் வாங்கி உட்கார்ந்தவள், பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

கட்டுரை வந்தது, சின்னதாக, அதிகம் பேர் படிக்காத ஓர் இதழில். புரதங்கள் தொட்டால்தான் உறை நிற்கும், ஏற்கெனவே எல்லோரும் நம்பியதுதான் சரி என்றது அது. இரண்டாவது மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்பதற்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி. ஆசிரியர் வரிசையில் அவள் பெயருக்கு அடுத்து என் பெயரைப் போட்டிருந்தாள். ஆய்வு உதவியாளர் பெயரை நன்றியுரையில் போடுவதுதான் அப்போது வழக்கம். நான் போய், "இது வேண்டாம் மாலினி" என்றேன். "தப்பக் கண்டுபிடிச்சது நீங்கதானே அக்கா. பேர் இருக்கட்டும்," என்று திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

கடைசி நாள் மேசையைத் துடைத்து, பெட்டிகளில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் ஒட்டிவிட்டு இறங்கினாள். எதேச்சையாக இருவரும் ஒரே நேரத்தில் ரயில் நிலையத்தில் நின்றோம். அவளுக்கு மேற்கே போகும் ரயில், எனக்குக் கிழக்கே. நடுவில் ஒரே நடைமேடை. முதலில் வந்தது அவள் ரயில். "பாத்துப் போங்கக்கா," என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கதவு மூடிவிட்டது.

அவள் உணவுப் பரிசோதனை செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். ஜூரோங் பக்கம், அம்மாவுக்கு அருகில். போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். முதல் ஆண்டு, கோபம் தணியட்டும் என்று விட்டேன். இரண்டாம் ஆண்டு, என்ன சாக்கில் பேசுவது என்று தெரியவில்லை. தீபாவளி வாழ்த்தைப் போனில் எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்திருக்கிறேன், ஒருமுறை மட்டும் இல்லை. எதிர் மேசைக்கு வேறொருவர் வந்தார், போனார், இன்னொருவர் வந்தார். எல்லோரும் நல்லவர்கள். காலையில் கிருமிக்கு உணவாகும் ஊடகம் காய்ச்சும் வாசனை வரும்போது, அதைப் பற்றி அவள் சொல்லும் கிண்டல் காதில் கேட்கும், கோழிச் சாற்றில் யாரோ சாக்ஸை ஊறவைத்த மாதிரி இருக்கிறது என்பாள். நான் எதிரே நிமிர்ந்து பார்ப்பேன்.

ஐந்து ஆண்டுகள் அப்படிப் போயின.

ஒருநாள் காலை நாளிதழில் மரண அறிவிப்பு. மாலினியின் அம்மா. முகவரி பூன் லே அடுக்குமாடி புளோக், கீழ்த்தளம். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆய்வக நிறுத்தத்தில் இறங்காமல் அதைத் தாண்டி மேற்கே போனது அதுதான் முதல் முறை. அவள் வீட்டுப் பாதை எனக்குத் தெரியாது. இத்தனை சனிக்கிழமைகளில் ஒருநாள்கூட நான் அங்கே போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கீழ்த்தளத்தில் கூடாரத் துணி கட்டி, வட்ட மேசைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். மாலினி வெள்ளைச் சேலையில் இருந்தாள், நெற்றியோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அவளே என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தூணோரம் உட்கார வைத்தாள். அம்மாவின் கடைசி வாரம் பற்றிச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தியதும் சொல்லிவிட்டேன்.

"மாலினி, அந்தப் புதன்கிழமைக்கு நான் உன்கிட்ட மன்னிப்பே கேக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். "அதுக்கு ரெண்டு மாசம் கோபமா இருந்தேன் அக்கா. உண்மையிலேயே ரெண்டு மாசம்தான். அப்புறம் நீங்க போன் பண்ணுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நீ பேச விரும்பமாட்டன்னு நெனச்சேன்."

"ஒரு தடவை கேட்டுப் பாத்திருக்கலாமே."

"நானும் பண்ணியிருக்கலாம்," என்று அவளே சேர்த்துக்கொண்டாள். "உங்களத் தப்பு சொல்லல. அம்மா அடிக்கடி கேப்பாங்க, மல்லிகைப்பூ அக்கா எங்கன்னு. பிஸியா இருக்காங்கம்மான்னு சொல்லுவேன். கடைசி வரைக்கும் அதான் சொன்னேன்."

அவள் அம்மாவை நான் ஒருமுறையும் நேரில் பார்த்ததில்லை. அங்கே பெட்டிக்குள்தான் பார்த்தேன். மாலினியின் அதே நெற்றி. குருக்கள் கூப்பிட்டார், அவள் எழுந்து போனாள். சடங்கு முடியும்வரை இருந்தேன். கிளம்பும்போது அவளுடைய அக்கா என்னை அறிமுகமே இல்லாமல் அடையாளம் கண்டு, "நீங்கதான வசந்தா?" என்று கேட்டார்.

ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு மாலினி டொரோண்டோ போய்விட்டாள். அவளை இங்கே பிடித்துவைத்திருந்த ஒரே காரணமும் முடிந்திருந்தது. அங்கே ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளின் கிருமிகளைப் பரிசோதிக்கிறாள். வேலை பிடித்திருக்கிறதாம். விமான நிலையத்தில் அவளைக் கட்டிக்கொண்டபோது, எங்களிடம் எஞ்சியிருந்தது எவ்வளவு, நான் வீணாக்கியது எவ்வளவு என்று மனம் கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்தது. பூன் லே என் வீட்டிலிருந்து ஒரே ரயில். ஐந்து ஆண்டுகள் அவள் அங்கேதான் இருந்தாள்.

பெரிய மன உறுதியெல்லாம் உங்களுக்கு வேண்டியதில்லை. அரைகுறையாகத் தெரிந்ததை அரைகுறையாகவே சொல்லிப் பழகுங்கள். "எனக்கு இன்னும் சரியாத் தெரியல, ஆனா இப்படி ஒண்ணு பாத்தேன்" என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். உங்கள் எதிரே இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். அது அவருடைய உரிமை. அதை அன்பு என்ற பெயரில் நீங்கள் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். நான் அப்படி ஒருமுறை ஆய்வகத்தில் பிடுங்கிக்கொண்டேன், இன்னொரு முறை போன் செய்யாமல் ஐந்து ஆண்டுகள் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போனில் பேசுகிறோம். எனக்குக் காலை, அவளுக்கு முந்தைய நாள் மாலை. அங்கே பனியைப் பற்றிச் சொல்வாள், நான் இங்கே மழையைப் பற்றிச் சொல்வேன். நல்ல பேச்சுதான். ஆனால் எனக்கு ஏக்கம் பேச்சுக்காக இல்லை. அடைகாப்பானிலிருந்து தட்டை எடுத்துவந்து, நானும் அவளும் தோள் உரச ஜன்னலோரம் நின்று, அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்போமே, அதற்காக. போனில் யாராவது ஒருவர் பேசாமல் இருந்தால், மற்றவர் உடனே, "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுகிறோம்.